இ-சிகரெட்டில் ஆவி குறைந்துவிட்டதா? காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

ஆவி குறைந்ததும் பெரும்பாலானோரின் விரல் நேராக வாட்டை, அதாவது சூடாக்கும் மின்சக்தியைக் கூட்டும் பொத்தானுக்குப் போகிறது. அதற்கும் ஆவி வராவிட்டால் கன்னம் குழிய இழுத்துப் பார்க்கிறார்கள். சின்னக் கோளாறைப் பெரிதாக்குபவை இந்த இரண்டும்தான். லிக்விட் (ஆவியாக மாறும் திரவம்) ஊறாத பஞ்சுக்கு வாட்டைக் கூட்டினால் பஞ்சு கருகும். லிக்விட் தேங்கி நிற்கும் காயிலைப் பலமாக இழுத்தால் இன்னும் கொஞ்சம் லிக்விட் உள்ளே ஏறும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், ஆனால் உள்ளே இருக்கும் காரணங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. அதனால் முதலில் காரணம் எது என்று பிரித்தறிய வேண்டும், பிறகே கை வைக்க வேண்டும்.

இந்த ஆவி தீங்கற்றது அல்ல. நிகோட்டின் அடிமையாக்கும் பொருள். புகைப்பழக்கம் இல்லாதவர்கள், வயது வராதவர்கள், கர்ப்பிணிகள் இதைத் தொடவே வேண்டாம். சில நாடுகளில் இந்தக் கருவிகளுக்குத் தடையே இருக்கிறது. இங்கே சொல்லப்படுவது ஏற்கெனவே இதைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு.

ஆவி எப்படி உருவாகிறது

காயில் என்பது மெல்லிய கம்பிச் சுருள், அல்லது சல்லடை போன்ற மெல்லிய உலோகத் தகடு. அதை ஒட்டிப் பஞ்சு இருக்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல அந்தப் பஞ்சு டேங்கிலிருந்து லிக்விட்டை இழுத்துக் கம்பிக்குக் கொடுக்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் கம்பி சூடாகி லிக்விட் ஆவியாகிறது. கீழிருந்து வரும் காற்று அந்த ஆவியைக் குளிர்வித்து, நுண்துளிகளாக மாற்றி, வாய்ப்பகுதிக்குக் கொண்டுவருகிறது. நம் கண்ணுக்கு வெண்மையாகத் தெரிவது அந்த நுண்துளிகள்தான்.

ஆக மூன்று விஷயங்கள் சரியாகச் சேர வேண்டும்: சூடு, லிக்விட், காற்று. சூடு குறைவதற்குப் பேட்டரி, மின் இணைப்பு, வாட் அமைப்பு ஆகியவை காரணம். லிக்விட் சரியாக வராததற்குப் பஞ்சு, லிக்விட்டின் அடர்த்தி, காயிலின் வயது ஆகியவை காரணம். காற்று சரியில்லை என்றால் அடைப்போ, துளையின் அளவோ, இழுக்கும் விதமோ காரணம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மூன்று நான்கு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காயில், லிக்விட், வாட் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

பிரிப்பதற்கு முன்

கருவியை அணைத்துவிடுங்கள். பெரும்பாலான கருவிகளில் பொத்தானை 5 முறை வேகமாக அழுத்தினால் அணையும். பேட்டரியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வையுங்கள். காயில் சூடாக இருந்தால் ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள். லிக்விட்டில் உள்ள நிகோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். கையுறை போட்டுக்கொள்வது நல்லது. கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இல்லாத மேசையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்துதான்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை: டிஷ்யூ காகிதம், காது குடையும் பஞ்சுக்குச்சி, 90 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அதே மாடலுக்கான புதிய காயில் ஒன்று. கையில் மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரி சோதனை எளிதாகும்.

முதலில் நாக்கையும் காதையும் கேளுங்கள்

கருவியைத் திறக்காமலே பாதிக் காரணங்களைப் பிரித்துவிடலாம். ஒரு முறை சாதாரணமாக இழுத்து, என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்.

ஆவி குறைவு, அதோடு கருகிய சுவை, தொண்டையில் எரிச்சல் என்றால் பஞ்சு காய்ந்திருக்கிறது அல்லது கருகிவிட்டது. உடனே நிறுத்துங்கள். காய்ந்த காயிலில் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறும். அந்த நிலையில் லிக்விட்டில் உள்ள கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப் பொருட்களைத் தரும். ‘இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும்’ என்பது இங்கே நடக்காது.

ஆவி குறைவு, கொளகொளவென்று சத்தம், வாயில் சூடான துளிகள் தெறிக்கின்றன என்றால் காயிலில் லிக்விட் தேங்கியிருக்கிறது. கம்பியின் சூடெல்லாம் அளவுக்கு மீறிய லிக்விட்டைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது.

சுவை சரியாக இருக்கிறது, சத்தமும் இல்லை, ஆனால் ஆவி மெலிந்தும் குளிர்ந்தும் வருகிறது என்றால் சூடு போதவில்லை. பேட்டரி, இணைப்பு, வாட் என்ற வரிசையில் பாருங்கள்.

இழுக்கவே கடினமாக இருக்கிறது என்றால் காற்றுவழி அடைபட்டிருக்கிறது.

சுவை நாளுக்கு நாள் மங்கி, ஆவியும் மெல்ல மெல்லக் குறைந்து வந்தது என்றால் காயில் தேய்ந்துவிட்டது. காலையில் நன்றாக இருந்து மாலையில் திடீரென்று குறைந்தால் காயிலைச் சந்தேகிக்காதீர்கள், பேட்டரியையும் இணைப்பையும் பாருங்கள்.

பேட்டரி

லித்தியம்-அயான் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த 3.7-ஐத் தாண்டிக் கீழே இறங்கும். 3.2 வோல்ட் அளவில் பல கருவிகள் தாமாகவே நின்றுவிடும். எளிய பேனா வகைக் கருவிகளில் செல்லின் வோல்ட்டேஜ் அப்படியே காயிலுக்குப் போகிறது. அங்கே கணக்கைப் பாருங்கள்: 1.2 ஓம் மின்தடை உள்ள காயிலுக்கு 4.2 வோல்ட் கிடைத்தால் சுமார் 14.7 வாட். அதே காயிலுக்கு 3.4 வோல்ட் கிடைத்தால் 9.6 வாட்தான். சார்ஜ் இன்னும் மிச்சமிருக்கும்போதே மூன்றில் ஒரு பங்குச் சூடு காணாமல் போயிருக்கும். இந்த வகைக் கருவியில் மாலையில் ஆவி மெலிவது கோளாறே அல்ல. முழுச் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள், அவ்வளவுதான்.

வாட்டை நிலையாக வைத்துக்கொள்ளும் கருவிகளில் இப்படி மெல்லக் குறையாது. அவற்றில் பிரச்சினை வேறு விதமாக வரும். செல் பழசானால் அதன் உள்மின்தடை கூடும். சும்மா இருக்கும்போது 4.1 வோல்ட் காட்டும், பொத்தானை அழுத்திய நொடியில் 3.3-க்கு விழும். திரையில் ‘வீக் பேட்டரி’ என்று வரும், அல்லது கருவி சத்தமில்லாமல் வாட்டைக் குறைத்துக்கொள்ளும். சார்ஜ் அளவு பாதிக்கு மேல் காட்டும்போதே இப்படி வந்தால் செல்லின் காலம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் கழற்றக்கூடிய செல்லை முழுச் சார்ஜ் செய்து, ஒரு மணி நேரம் சும்மா வைத்துவிட்டு அளந்து பாருங்கள். 4.15-க்கு மேல் நின்றால் நல்லது. 4.0-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். இரண்டு செல் போடும் கருவியில் இரண்டையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகச் சார்ஜ் செய்து, ஒன்றாக மாற்ற வேண்டும். புதியதோடு பழையதைச் சேர்த்தால் பலவீனமான செல்தான் முழுக் கருவியின் அளவையும் தீர்மானிக்கும், அதுவே ஆபத்தான அளவுக்குக் காலியாகவும் வாய்ப்பிருக்கிறது.

வாங்கும் செல் உங்கள் வாட் அளவுக்கு ஈடுகொடுக்குமா என்பதையும் பாருங்கள். செல்லின் மேல் இருக்கும் 18650 என்பது 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம் என்ற அளவை மட்டுமே சொல்கிறது. தொடர்ந்து எத்தனை ஆம்பியர் தரும் என்பது தனிக் கணக்கு. டார்ச் விளக்குக்கான குறைந்த ஆம்பியர் செல்லை 60 வாட் கருவியில் போட்டால் ஆவி குறைவதோடு செல்லும் கொதிக்கும். நம்பகமான கடையில் வாங்குங்கள். மேலுறை கிழிந்த செல், உப்பிய செல், 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல் ஆகியவற்றைச் சார்ஜ் செய்யவே கூடாது. கழற்றிய செல்லைச் சாவி, சில்லறையோடு பையில் போடவும் கூடாது. பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.

சார்ஜ் ஏறுகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். யுஎஸ்பி-சி துளை உள்ள சில கருவிகள், இரு முனையிலும் சி வகை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. ஒரு முனை பழைய அகலமான ஏ வகையாக உள்ள கேபிளில் ஏறும். இரவெல்லாம் மாட்டி வைத்தும் காலையில் ஆவி வராததற்கு இதுவும் ஒரு காரணம். அது போக, தூங்கும்போது சார்ஜில் விடுவதே சரியில்லை.

இணைப்பு முனை

டேங்கும் கருவியும் சேரும் மரையிடப்பட்ட இடத்துக்கு 510 இணைப்பு என்று பெயர். நடுவில் சிறிய முனை ஒன்று இருக்கும். அதில் லிக்விட் கசிந்து பிசுபிசுப்பாகப் படிவது சாதாரணம். அந்தப் படலம் சிறியதுதானே என்று விட்டுவிடாதீர்கள். 0.4 ஓம் காயிலோடு 0.1 ஓம் மின்தடை இணைப்பில் சேர்ந்தால், போகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு காயிலுக்கு எட்டாமல் மரையிலேயே சூடாக வீணாகிறது. டேங்கின் அடிப்பாகம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

1. டேங்கைக் கழற்றுங்கள். கருவியின் மரையையும் டேங்கின் அடி மரையையும் உலர்ந்த டிஷ்யூவால் துடையுங்கள்.
2. பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து, பிழிந்து, நடுமுனையைச் சுற்றி இரண்டு மூன்று முறை சுழற்றுங்கள். ஆல்கஹாலை நேராக ஊற்றாதீர்கள், உள்ளே சர்க்யூட்டுக்கு இறங்கிவிடும்.
3. பத்து நிமிடம் காயவிடுங்கள். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது.
4. டேங்கைத் திருகி, தடை தெரிந்த இடத்தோடு நிறுத்துங்கள். இறுக்கி முறுக்கினால் நடுமுனை கீழே அமுங்கித் தொடர்பே அற்றுப்போகும்.
5. காயிலின் மேல் அச்சிட்ட ஓம் அளவையும் திரையில் காட்டும் அளவையும் ஒப்பிடுங்கள். 0.05 அளவு வித்தியாசம் சாதாரணம். அழுத்த அழுத்த எண் மாறிக்கொண்டே இருந்தால் காயிலோ டேங்கோ சரியாகப் பொருந்தவில்லை.

திரையில் ‘செக் அட்டமைசர்’ அல்லது ‘நோ அட்டமைசர்’ என்று வந்தால் முனை காயிலைத் தொடவே இல்லை என்று பொருள் (அட்டமைசர் என்பது காயிலோடு சேர்ந்த டேங்க்). பெரும்பாலான புதிய கருவிகளில் நடுமுனை ஸ்பிரிங் மேல் இருக்கும், சுத்தம் செய்தாலே எழும்பும். ஸ்பிரிங் இல்லாத பழைய பேனா வகையில் அமுங்கிய முனையை, கருவியை அணைத்துவிட்டு மர அல்லது பிளாஸ்டிக் குச்சியால் மிக மெதுவாக ஒரு மயிரிழை அளவு நெம்பலாம். உலோக ஊசி வேண்டாம், முனையும் மரையும் ஒன்றாகத் தொட்டால் ஷார்ட் ஆகும். டேங்குக்கு உள்ளே காயில் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பலரும் டேங்கை மட்டும் சரிபார்த்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள்.

காயில்

ஆவி குறைவுக்கு மிகப் பரவலான காரணம் தேய்ந்துபோன காயில்தான். தொடர்ந்து பயன்படுத்தினால் ஒரு காயில் ஒன்று முதல் இரண்டு வாரம் உழைக்கும். இனிப்பான, அடர்நிறமான லிக்விட் போட்டால் சில நாட்களிலேயே போய்விடும். இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சுக்ரலோஸ் ஆவியாகாமல் கம்பியில் கரியாகப் படிவதுதான் காரணம். அந்தக் கரி சூட்டைத் தடுக்கிறது, பஞ்சின் துளைகளையும் அடைக்கிறது. ஒரே கருவி, ஒரே வாட், ஆனால் ஒருவருக்கு இரண்டு வாரம் வருகிறது, இன்னொருவருக்கு நான்கு நாளில் போகிறது என்றால் முதலில் லிக்விட்டைப் பாருங்கள். காயில் தயாரித்தவரைக் குறை சொல்வது அதற்குப் பிறகுதான்.

காயிலைக் கழற்றிப் பார்த்தாலே நிலைமை தெரியும். பஞ்சு இளமஞ்சளாக இருந்தால் பரவாயில்லை. கரும்பழுப்பாக, கம்பியின் மேல் கறுப்புப் பக்கு படிந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். சிலர் வெந்நீரிலோ ஆல்கஹாலிலோ ஊறவைத்து, கழுவி, ஒரு நாள் காயவைத்து மறுபடி போடுகிறார்கள். ஓரிரு நாள் தேறும், அவ்வளவுதான். கருகிய பஞ்சு கழுவினால் வெளுக்காது.

புதிய காயில் போடும்போது அவசரப்படுவதால்தான் பல காயில்கள் முதல் நிமிடத்திலேயே பாழாகின்றன. சரியான முறை இது:

1. டேங்கில் மிச்சமிருக்கும் லிக்விட்டைக் காலிசெய்து, அடிப்பாகத்தையும் ஆவி மேலேறும் நடுக்குழாயையும் டிஷ்யூவால் துடையுங்கள். பழைய ரப்பர் வளையம் ஏதாவது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.
2. புதிய காயிலின் பக்கவாட்டில் பஞ்சு தெரியும் ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூன்று துளி லிக்விட் விடுங்கள். மேல்பக்கம் வழியாக உட்பஞ்சில் மூன்று நான்கு துளிகள் போதும். பஞ்சு நனைந்து நிறம் மாறினால் சரி, உள்ளே குளம்போல் நின்றால் அதிகம்.
3. காயிலைத் திருகிப் பொருத்தி, டேங்கை நிரப்புங்கள். நடுக்குழாய்க்குள் லிக்விட் போகக் கூடாது. மேல்விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு சிறு காற்றிடம் விடுங்கள்.
4. குறைந்தது 10 நிமிடம் நிமிர்த்தி வையுங்கள். விஜி (தாவரக் கிளிசரின்) அதிகமுள்ள கெட்டியான லிக்விட் என்றால் 15 நிமிடம்.
5. பொத்தானை அழுத்தாமல் மூன்று நான்கு முறை மெதுவாக இழுங்கள். உறிஞ்சினாலே ஓடும் வகைக் கருவியில் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.
6. காயிலின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் வரம்பின் கீழ் எல்லையில் தொடங்குங்கள். வரம்பு 40 முதல் 60 வரை என்றால் 40. ஐந்தாறு இழுப்புக்கு ஒரு முறை 3 முதல் 5 வாட் கூட்டி, சுவையும் ஆவியும் நிறைவாக இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேல் எல்லை ஓர் எச்சரிக்கைக் கோடு. அங்கே போய்ச் சேர வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை.

புதிய காயிலிலும் முதல் இழுப்பிலேயே கருகல் வந்தால் அது திரும்பாது. வேறொன்றைப் போடுங்கள். ஒரே பெட்டியிலிருந்து இரண்டு காயில் வரிசையாக இப்படி ஆனால் போலித் தயாரிப்பாக இருக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் சுரண்டிப் பார்க்கும் எண் சரிபார்ப்பு இருந்தால் செய்துபாருங்கள்.

லிக்விட்டின் அடர்த்தி

லிக்விட்டின் பெரும்பகுதி இரண்டு பொருள்கள்: பிஜி எனப்படும் புரோப்பிலீன் கிளைக்கால், விஜி எனப்படும் தாவரக் கிளிசரின். பிஜி நீர்த்தது, 188 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், தொண்டையில் உறைக்கும். விஜி கெட்டியானது, 290 டிகிரியில் கொதிக்கும், அடர்ந்த ஆவி தரும். ‘விஜி கூடினால் ஆவி கூடும்’ என்று கேள்விப்பட்டு, சிறிய பாட் கருவியில் (லிக்விட் குப்பியைச் செருகிப் பயன்படுத்தும் வகை) 80 சதவீத விஜி ஊற்றுபவர்கள் நிறைய. நடப்பது எதிர்மாறாக இருக்கும். பாட் காயிலின் துளைகள் மிகச் சிறியவை. கெட்டி லிக்விட் இரண்டு இழுப்புக்கு இடையில் பஞ்சை எட்டாது. முதல் இழுப்பில் நல்ல ஆவி, இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் கருகல் என்று வந்தால் காரணம் இதுவே.

பொதுவான பொருத்தம் இப்படி: 0.8 ஓம் முதல் மேலே உள்ள, சிகரெட்டைப் போல வாயில் நிறுத்தி இழுக்கும் கருவிகளுக்கு 50/50 (பிஜியும் விஜியும் சம அளவு), அதிகபட்சம் 60 சதவீத விஜி. 0.5 ஓமுக்குக் கீழே உள்ள பெரிய துளைக் காயில்களுக்கு 70 விஜி அல்லது அதற்கு மேல். பெரிய துளைக் காயிலில் 50/50 ஊற்றினால் நிற்காமல் கசிந்து, லிக்விட் தேங்கும் கோளாறு வரும்.

குளிர் நேரத்தில் விஜி இன்னும் இறுகும். கருவியைச் சட்டைப்பையில் சிறிது நேரம் உடற்சூட்டில் வைத்தாலே இளகிவிடும். அடுப்பு, மைக்ரோவேவ் எதுவும் வேண்டாம். இழுப்புக்கும் இழுப்புக்கும் இடையில் 20 முதல் 30 விநாடி விடுவதும் உதவும்.

பாட்டின் உள்ளே பஞ்சுத் துளையை ஒட்டிக் காற்றுக்குமிழி சிக்கினாலும் லிக்விட் நின்றுபோகும். டேங்கில் பாதிக்கு மேல் லிக்விட் தெரியும், பஞ்சு மட்டும் காய்ந்திருக்கும். பாட்டைக் கழற்றி, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, பக்கவாட்டில் சாய்த்தால் குமிழி மேலே போகும்.

எக்காரணம் கொண்டும் லிக்விட்டை இளக்கவோ மணக்கவைக்கவோ எண்ணெய் சேர்க்காதீர்கள். சமையல் எண்ணெய், நறுமண எண்ணெய், எண்ணெயில் கரைத்த வைட்டமின் எதுவும் நுரையீரலுக்குள் போகக் கூடாதவை. 2019-இல் அமெரிக்காவில் பரவிய கடும் நுரையீரல் பாதிப்புகளோடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான். அது பெரும்பாலும் கஞ்சாச் சத்து அடைத்த, முறைசாரா வழியில் விற்ற குப்பிகளில் இருந்தது. ஆனாலும் எண்ணெய் பற்றிய எச்சரிக்கை எல்லோருக்கும் பொருந்தும்.

லிக்விட் தேங்கினால்

கொளகொளச் சத்தம் கேட்டால் டேங்கைக் கழற்றி, வாய்ப்பகுதியைக் கீழ்நோக்கிப் பிடித்து, டிஷ்யூவைச் சுற்றி இரண்டு மூன்று முறை உதறுங்கள். டிஷ்யூவை மெல்லிய திரியாக முறுக்கி நடுக்குழாய்க்குள் விட்டு உறிஞ்சி எடுங்கள். அடியிலுள்ள காற்றுத் துளைகளையும் துடையுங்கள். பிறகு வாயில் வைக்காமல் பொத்தானை இரண்டு மூன்று விநாடி, ஓரிரு முறை அழுத்தினால் மிச்சம் ஆவியாகிப் போகும். அந்த நேரத்தில் முகத்தைத் தள்ளி வையுங்கள், சூடான துளி தெறிக்கும்.

உதறிச் சரியாவது ஒரு நாளைக்குத்தான். மறுபடி மறுபடி தேங்கினால் மூலத்தைப் பாருங்கள். டேங்கின் ரப்பர் வளையம் ஒன்று கிழிந்தோ இடம் மாறியோ இருக்கலாம். டேங்குக்குள் இருக்கும் லேசான வெற்றிட அழுத்தம்தான் லிக்விட்டைப் பிடித்து நிறுத்துகிறது. வளையம் போனால் அதுவும் போகும். வாட் மிகக் குறைவாக இருந்தாலும் பஞ்சு இழுக்கும் அளவுக்கு லிக்விட் ஆவியாகாமல் தேங்கும். அப்படித் தேங்கும்போது வாட்டைக் கூட்டுவதுதான் உண்மையான மருந்து. வெயிலில் நின்ற காரில் விடுவதும் விமானப் பயணமும் உள்காற்றை விரிவடையச் செய்து லிக்விட்டைத் தள்ளும். பறப்பதற்கு முன் டேங்கைக் காலிசெய்துவிடுவதே நல்லது.

காற்றுவழியும் இழுக்கும் விதமும்

டேங்கின் அடியிலோ மேலோ உள்ள வளையத்தைத் திருப்பினால் காற்றுத் துளை கூடும், குறையும். 0.5 ஓமுக்குக் கீழே உள்ள காயிலில் துளையைப் பாதிக்கு மேல் மூடினால் ஆவி சூடாகவும் குறைவாகவும் வரும், காயிலும் சீக்கிரம் கருகும். மாறாக 1.0 ஓமுக்கு மேற்பட்ட சிறிய காயிலில் துளையை முழுக்கத் திறந்தால் இருக்கும் கொஞ்ச ஆவியும் காற்றில் கரைந்து ஒன்றுமில்லாததுபோல் தெரியும். அங்கே பாதி அல்லது கால் பங்குத் திறப்பு போதும். துளைக்குள் பையின் தூசு, நூல் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வாய்ப்பகுதியில் குளிர்ந்து தேங்கும் ஈரத்தைத் தினமும் ஒரு முறை துடைத்துவிடுங்கள்.

இழுப்பு மெதுவாக, ஒரே சீராக, மூன்று முதல் ஐந்து விநாடி இருக்கட்டும். சிகரெட் புகைத்துப் பழகியவர்கள் குறைந்த நேரமும் வேகமாகவும் இழுப்பார்கள். காயில் சூடேறவே ஒரு விநாடி வரை ஆகும் என்பதால் அவர்களுக்கு ஆவி குறைவாகத்தான் கிடைக்கும். கருவியில் கோளாறு இருக்காது. பெரும்பாலான கருவிகள் 8 அல்லது 10 விநாடியில் தாமாகவே நிற்கும். நீண்ட இழுப்பின் கடைசியில் ஆவி அற்றுப்போனால் அது பாதுகாப்பு ஏற்பாடு.

உறிஞ்சினாலே ஓடும் கருவிகளில் காற்றழுத்த உணரி ஒன்று இருக்கிறது. அதன் சிறு துளையில் லிக்விட் ஏறினால் விளக்கு விட்டுவிட்டு எரியும், ஆவி வந்து வந்து நிற்கும். பாட்டைக் கழற்றி, பாட் உட்காரும் குழியை உலர்ந்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து, அந்தத் துளை கீழே பார்க்கும்படி சில மணி நேரம் வையுங்கள். ஊசியால் குத்தாதீர்கள், உணரியின் மென்படலம் கிழிந்துவிடும்.

வெப்பக் கட்டுப்பாடு போட்டிருந்தால்

இந்த இடத்தில் அனுபவசாலிகளும் தடுமாறுவார்கள். வெப்பக் கட்டுப்பாட்டு முறையில் கருவி வெப்பத்தை நேராக அளப்பதில்லை. கம்பி சூடாகும்போது அதன் மின்தடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்து வெப்பத்தைக் கணக்கிடுகிறது. நிக்கல், டைட்டானியம், எஸ்எஸ்316எல் துருப்பிடிக்காத எஃகு போன்ற கம்பிகளுக்கே இது பொருந்தும். காந்தல் (Kanthal) என்ற இரும்பு-குரோமியம்-அலுமினியக் கலவைக் கம்பியின் மின்தடை சூட்டில் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அதனால் முதலில் உங்கள் காயில் எந்தக் கம்பி என்று பாருங்கள். காந்தல் என்றால் சாதாரண வாட் முறைக்கு மாறிவிடுங்கள்.

சரியான கம்பியே இருந்தும் பொத்தானை அழுத்திய அரை விநாடியில் ஆவி நின்று ‘டெம்பரேச்சர் புரொடெக்ட்’ என்று வந்தால், கருவி காயிலை உண்மையைவிடச் சூடாக நினைத்துக்கொண்டிருக்கிறது. பழைய காயிலின் குறைந்த ஓம் அளவை நினைவில் வைத்துக்கொண்டு, சற்றுக் கூடுதல் ஓம் உள்ள புதிய காயிலைப் பார்க்கும்போது இப்படி ஆகும். எஃகுக் கம்பியில் இது எளிதில் நேரும். 0.5 ஓம் எஃகுக் காயில் 200 டிகிரிக்கு ஏறும்போது மின்தடை 0.58 அளவுக்குத்தான் போகிறது. தளர்ந்த இணைப்பு 0.05 ஓம் சேர்த்தாலே கணக்கில் பாதிக்கு மேல் பொய் புகுந்துவிடும். இணைப்பைச் சுத்தம் செய்து, காயிலை அறைவெப்பத்துக்கு ஆறவிட்டு, ‘நியூ காயில்’ என்று கருவி கேட்கும்போது ஆம் என்று கொடுங்கள். காயில் சூடாக இருக்கும்போது இந்த அளவைப் பதியவைத்தால் தவறு மறுபக்கம் போகும். கருவி வெப்பத்தைக் குறைத்துக் கணக்கிட்டு, பஞ்சைக் கருக்கிவிடும். வெப்ப அளவு 180 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதைப் பத்துப் பத்தாகக் கூட்டி 200 முதல் 230-க்குள் பொருத்தமான இடத்தைத் தேடுங்கள்.

ஒரு முறை பயன்பாட்டுக் கருவிகள், சொந்தமாகப் பஞ்சு வைப்பவை

ஒரு முறை பயன்படுத்தி எறியும் கருவியில் செய்ய அதிகமில்லை. சார்ஜ் துளை இருந்தால் சார்ஜ் செய்யுங்கள். விளக்கு மினுக்கினால் பேட்டரி தீர்ந்தது, விளக்கு எரிந்தும் கருகல் வந்தால் லிக்விட் தீர்ந்தது. உடைத்துத் திறந்து நிரப்ப முயலாதீர்கள். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லுக்குக் கவசம் கிடையாது, கீறினால் தீப்பிடிக்கும்.

கம்பியும் பஞ்சும் தாமே பொருத்திக்கொள்ளும் வகையில் ஆவி குறைவு என்றால் பெரும்பாலும் பஞ்சு அடைத்த விதமே காரணம். பஞ்சைச் சுருளுக்குள் இழுக்கும்போது லேசான தடை தெரிய வேண்டும், சுருள் நகரவோ வளையவோ கூடாது. இறுக்கினால் லிக்விட் வராது, தளர்த்தினால் தேங்கும். பஞ்சின் வால்கள் லிக்விட் துளைகளை மூடியபடி லேசாக உட்கார வேண்டும். துளைக்குள் திணிக்கக் கூடாது. பஞ்சு வைக்கும் முன் குறைந்த வாட்டில் கம்பியை விட்டுவிட்டுச் சூடாக்கி, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சீராகச் சிவக்கிறதா என்று பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் முதலில் சிவந்தால் பீங்கான் முனை இடுக்கியால் நெருக்கிச் சரிசெய்யுங்கள். 0.2 ஓமுக்குக் கீழே போகும் சுருளை, செல்லின் ஆம்பியர் வரம்பைக் கணக்கிடாமல் ஓட்டவே வேண்டாம். ஷார்ட் பாதுகாப்பு இல்லாத மெக்கானிக்கல் கருவியில் அந்தத் தவறு வெடிப்பில் முடியும்.

பெரிய காயிலுக்கு மாறும் முன்

எல்லாவற்றையும் சரிபார்த்தும் ஆவி போதவில்லை என்றால், அந்தக் கருவியின் எல்லையே அவ்வளவுதான். 1.2 ஓம் பாட் 12 வாட்டில் மேகம் போன்ற ஆவியைத் தராது. 0.3 ஓம் காயிலும் அதற்கேற்ற பேட்டரியும் உள்ள வேறு கருவிதான் வழி. அப்படி மாறும்போது பழைய லிக்விட் புட்டியை அதில் ஊற்றிவிடாதீர்கள். பாட் கருவிக்கான நிகோட்டின் சால்ட் லிக்விட்டில் ஒரு மி.லி.க்கு 20 மி.கி., சில நாடுகளில் 50 மி.கி. வரை நிகோட்டின் இருக்கும். பெரிய காயில் ஒரே இழுப்பில் பல மடங்கு லிக்விட்டை ஆவியாக்கும். தலைசுற்றல், குமட்டல், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே நிறுத்திவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சுத் திணறல், வலிப்பு போன்றவை வந்தாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். 0.5 ஓமுக்குக் கீழான காயிலுக்கு மி.லி.க்கு 3 மி.கி., அதிகபட்சம் 6 மி.கி. என்பதே வழக்கமான அளவு.

கழித்துப்போட்ட செல்லையும் பழைய கருவியையும் வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். செல்லின் இரு முனைகளையும் டேப் ஒட்டி மூடி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.